அடுப்பு இல்லாத கணக்கு: குன்னூரிலிருந்து தில்லி வரை

2012 டிசம்பர் 15 அன்று தில்லி அரசு ‘அன்னஸ்ரீ’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மலிவு விலை ரேஷனுக்கான அட்டை கிடைக்காத ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 600 ரூபாய் வழங்குவது திட்டம். பணம் குடும்பத்தின் மூத்த பெண்ணின் வங்கிக் கணக்கில் சேரும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் பருப்பு, ரொட்டி, சோற்றுக்கு இத்தொகை போதும் என்ற பொருளில் அன்றைய முதலமைச்சர் ஷீலா தீட்சித் பேசியது பெருங்கண்டனத்திற்கு உள்ளானது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு நாளொன்றுக்கு 4 ரூபாய்.

இத்தொகையை அடுப்போடு சேர்த்து வைத்தால் இன்னொரு கேள்வி எழுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு, மானிய விலை எரிவாயு சிலிண்டர்களைக் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஆறு என வரையறுத்திருந்தது. தில்லியில் அத்தகைய சிலிண்டர் ஒன்றின் விலை ஏறத்தாழ 400 ரூபாய். சிலிண்டர் வாங்கும் மாதத்தில் உதவித்தொகையின் மூன்றில் இரு பங்கு அதற்கே போய்விடும். எஞ்சியதில் பருப்பு வாங்கலாம். எத்தனை வேளைக்கு என்பதே கேள்வி. உணவைப் பொருள்களின் விலையாக மட்டும் காணும் இப்பழக்கம் ஒரு முதலமைச்சரிடம் தொடங்கியதன்று. அதன் வேர் நீலகிரியில் இருக்கிறது.

1920களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், இந்தியாவின் பல்வேறு வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் வளர்ச்சியில் முதலிடம் பெற்றன. அரிசியை முதன்மையாகக் கொண்ட ‘மதராசி’ உணவு கடைசி இடத்திற்குத் தள்ளப்பட்டது. கோதுமை வலிமை தரும், அரிசி தராது என்னும் எண்ணத்திற்கு இச்சோதனை அறிவியல் சான்றாக எடுத்தாளப்பட்டது. இரண்டு தட்டுகளுக்கும் இடையே தானியத்தோடு பாலும் வெண்ணெயும் வேறுபட்டன என்பது, அதாவது வருமானமும் வேறுபட்டது என்பது, அந்த ஒப்பீட்டில் பின்னுக்குப் போயிற்று.

1935இல் குன்னூர் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்ற வாலஸ் அய்க்ராய்டு, 1937இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பு அட்டவணையை வெளியிட்டார். எந்தப் பொருளில் எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம் என்று எண்ணால் சொல்ல முடிந்ததும், ஒரு மனிதன் வாழ எவ்வளவு செலவாகும் என்பதையும் எண்ணாலேயே சொல்ல முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்குச் சென்றது. எண் அதற்கு முன்பே தில்லிக்குச் சென்றுவிட்டது.

1957 ஜூலையில் தில்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலிக்கான அளவுகோலை வகுத்தது. அய்க்ராய்டின் பரிந்துரைப்படி, மிதமான உழைப்புச் செய்யும் ஒரு வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு 2700 கலோரி. உழைப்பாளர் குடும்பம் என்பது மூன்று ‘நுகர்வு அலகு’கள். வழக்கமான விளக்கத்தின்படி கணவன் 1, மனைவி 0.8, இரண்டு குழந்தைகள் தலைக்கு 0.6. பெண்களும் சிறுவர்களும் ஈட்டும் வருமானத்தைக் கணக்கில் கொள்ளக்கூடாது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. எரிபொருள், விளக்கு, மற்ற சில்லறைச் செலவுகள் யாவும் சேர்ந்து மொத்தக் கூலியில் 20 விழுக்காடு.

இந்த அளவுகோலின் பெருமையைக் குறைத்து மதிப்பிட இயலாது. முதலாளி தரும் கூலிக்குக் கீழெல்லை வயிறுதான் என்று அது சொன்னது. மனைவியின் வருமானத்தைக் காட்டி ஆணின் கூலியைக் குறைக்கவும் அது இடந்தரவில்லை. ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடர்ந்த வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் இதன்மீதே கல்வி, மருத்துவம், முதுமை, திருமணம் முதலியவற்றிற்காக மேலும் 25 விழுக்காட்டைச் சேர்த்தது. ஆயினும் சமையலின் இரண்டு பெருஞ்செலவுகள் இதில் உரிய இடம் பெறவில்லை. நெருப்பு, சில்லறைச் செலவுகளோடு ஒன்றாயிற்று. சமைப்பவளின் உழைப்பு எங்குமே இல்லை. அவள் 0.8 பங்கு உண்பவள் மட்டுமே.

வறுமைக் கோட்டின் வரலாறும் இதே தடத்தில் சென்றது. 1962இல் ஒரு பணிக்குழு, 1960–61 விலையில் தலைக்கு மாதம் 20 ரூபாய் என்று குறித்தது. கல்வியும் மருத்துவமும் அரசின் பொறுப்பு என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை. 1979இல் ஊரகத்திற்கு 2400, நகரத்திற்கு 2100 கலோரி என்பது அடிப்படையாயிற்று. அந்தக் கலோரியைப் பெறும் குடும்பங்கள் செய்த மொத்தச் செலவே கோடாக வரையப்பட்டமையால் விறகுச் செலவு அதில் மறைமுகமாக இடம்பெற்றது. 2009இல் டெண்டுல்கர் குழு கலோரி அடிப்படையைக் கைவிட்டது. 2011இல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் நகரத்திற்கு நாளொன்றுக்கு 32 ரூபாய் என்றது. எண்கள் மாறின, சமைக்கும் நேரத்திற்கான மதிப்பு எதிலும் வரவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுவதாகக் காட்டியது.

எளியோர் தம் வழியில் இக்கணக்கைச் சரிசெய்தே வந்திருக்கின்றனர். பிரிவினைக்குப் பின் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் தில்லிக் குடியிருப்புகளுக்குப் பொதுத் தந்தூர் அடுப்பையும் கொண்டுவந்தனர். பெண்கள் பிசைந்த மாவோடு வருவர். ஒரே நெருப்பில் பல வீட்டு ரொட்டிகள் வெந்தன. மாவு அவரவருடையது, நெருப்பு எல்லோருக்கும் பொது. அன்னஸ்ரீ தொடங்கிய இரண்டு மாதங்களில், 2013 பிப்ரவரியில், சென்னையில் அம்மா உணவகம் திறக்கப்பட்டது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. அங்கே எரிபொருள் மாநகராட்சியின் செலவு. மகளிர் சுய உதவிக் குழுவினரின் சமையலுக்குக் கூலியும் உண்டு. மலிவான சாப்பாடு உண்மையில் எவ்வளவு விலையுடையது என்பது அந்த வரவுசெலவில்தான் தெரிந்தது.

மொழி இதை முன்பே அறிந்திருந்தது. தமிழில் வறுமையைச் சொல்ல அடுப்பில் பூனை உறங்குகிறது என்பர். இந்தியில் அடுப்பு எரியவில்லை என்பர். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனுக்கு உணர்த்தச் சமையலை மறந்து காளான் பூத்த அடுப்பையே முதலில் காட்டுகிறார். அரசும் இதை அறியாததன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘குடும்பம்’ என்பதன் வரையறையே ஒரு பொதுச் சமையலறையில் உண்போர் என்பதுதான். குடும்பங்களை எண்ணும்போது அடுப்பைத் தேடும் அரசு, அவற்றின் தேவையை எண்ணும்போது மட்டும் தட்டில் தொடங்குகிறது. 600 ரூபாய் போதுமா என்று கேட்பதற்கு முன், அந்தப் பருப்பை யார், எந்த நெருப்பில், எத்தனை நேரம் வேகவைக்கிறார் என்று கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.