இடுப்புவலிக்குப் பின் பணி: சிகிச்சை பணியிடத்துக்கும் உரியது

கீழ்முதுகில் வட்டு பிதுங்கியோ தேய்ந்தோ விடுப்பில் இருக்கும் தொழிலாளியை எல்லோரும் கேட்கும் கேள்வி, “வலி முழுக்கப் போய்விட்டதா?” என்பதுதான். பணிக்குத் திரும்பும் நாளை இக்கேள்வியைக் கொண்டு முடிவுசெய்வது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்த வேலையை, எவ்வளவு நேரம், என்ன மாற்றத்தோடு செய்யலாம் என்றே கேட்க வேண்டும். அதற்கு விடை காண உடலைச் சோதித்தால் மட்டும் போதாது. பணியிடத்தையும் சோதிக்க வேண்டும்.

நீண்ட ஓய்வு பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்குச் சான்று இல்லை. ரிச்சர்ட் டேயோவும் உடனாய்வாளர்களும் 1986இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 2 நாள் படுக்கை ஓய்வு பரிந்துரைக்கப்பட்டவர்கள், 7 நாள் பரிந்துரைக்கப்பட்டவர்களைவிட 45 விழுக்காடு குறைவான வேலைநாட்களையே இழந்தனர். ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கம்போல் நடமாடியவர்களே விரைவில் தேறினர். எம்.ஆர்.ஐ. படமும் தனியே தீர்ப்புச் சொல்லாது. வலியே இல்லாத 50 வயதினரில் 80 விழுக்காட்டினருக்கு வட்டுத் தேய்மானம் தென்படும் என 2015இல் வெளியான தொகுப்பாய்வு மதிப்பிட்டது.

இவ்விவாதத்தில் மிக முக்கியமானது, கனடாவின் கியூபெக் மாநிலத்து ஷெர்புரூக்கில் பாட்ரிக் லுவாசெல் குழுவினர் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வு. முதுகுவலியால் நான்கு வாரங்களுக்கு மேல் பணிக்கு வராதவர்களை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை, ஒன்றுக்குக் கூடுதல் மருத்துவம், ஒன்றுக்குப் பணியிடச் சீரமைப்பு, மற்றொன்றுக்கு இரண்டும். சீரமைப்பு என்பது, பணியியல் வல்லுநர், தொழிலாளி, மேற்பார்வையாளர், தொழிற்சங்கப் பிரதிநிதி ஆகியோர் கூடி, முதுகை வருத்தும் செயல்களைக் கண்டறிந்து மாற்று வழிகளைத் தீர்மானிப்பது. இரண்டும் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 2.41 மடங்கு வேகத்தில் பழைய பணிக்குத் திரும்பினர். அப்பலனில் பெரும்பங்கு பணியிடச் சீரமைப்பினுடையது.

சீக்கிரம் திரும்பினால் நோய் முற்றாதா என்ற ஐயம் நியாயமானதே. கால் பலவீனம் கூடிக்கொண்டே போனாலோ, இருக்கைப் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். அப்போது பணியைப் பற்றிப் பேச இடமில்லை. மற்றவர்களுக்குச் சுமையின் எடையோடு அதைக் கையாளும் விதமும் முக்கியம். ஆய்வாளர் ஹான்ஸ்-யோவாகிம் வில்கே ஒரே தன்னார்வலரிடம் அளந்து 1999இல் வெளியிட்டதில், 20 கிலோவை உடலோடு ஒட்டிப் பிடித்தபோது வட்டின் உள்ளழுத்தம் 1.1 மெகாபாஸ்கல், மார்பிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தபோது 1.8. ஒருவரிடம் அளந்ததை எல்லோருக்கும் வரம்பாக்க இயலாது. ஆனால் மேசையை அருகே நகர்த்துவதும் சிகிச்சைதான் என்பதை அது உணர்த்துகிறது.

நம் ஏற்பாடுகளோ இடைநிலையை அறிவதில்லை. இந்தியத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. ஏற்பாட்டில், வேலை செய்த நாளுக்கு நோய்க்கால உதவித்தொகை கிடையாது. அரைநாள் வேலையில் தொடங்க விரும்புபவர் கூலியில் பாதியை இழக்க நேரும். அதனால் முழு விடுப்பிலேயே தங்குகிறார், அல்லது முழுச் சுமையை ஒரேயடியாக ஏற்கிறார். இரண்டுமே அவருக்குக் கேடு.

ஆகவே, உடல்தகுதிச் சான்றில் ‘தகுதி உண்டு’ என்ற ஒற்றை வரி போதாது. தூக்கத்தக்க எடை, தொடர்ந்து உட்காரும் நேரம், குனிதலின் அளவு, வாரந்தோறும் கூட்டும் பணிநேரம், மறுபரிசோதனை நாள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். படிப்படியாகத் திரும்பும் காலத்தில் இழக்கும் கூலியைக் காப்பீடு ஈடுசெய்ய வேண்டும். அதுவரை, பாதுகாப்பாகத் திரும்பும் பொறுப்பு முழுவதும் நோயுற்றவர் தலையிலேயே விழும்.