தற்காப்பு

தன் + காப்பு = தற்காப்பு. ‘தான்’ வேற்றுமையில் ‘தன்’ எனக் குறுகி, வல்லினம் வர னகரம் றகரமாகிறது. தற்கொலையும் இப்படிப் பிறந்ததே. ‘கா’ என்ற ஓரெழுத்து வினையடியிலிருந்து காப்பு, காவல், காவலர் எல்லாம் வந்தன. திருக்குறளின் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தில் ‘தற்காத்து’ என்ற வடிவம் உண்டு.

கொலை வழக்கில் இச்சொல்லின் எல்லை விரிகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் (பழைய தண்டனைச் சட்டத்தில் 96–106) தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும் உடைமையையும் காக்கும் உரிமையைத் தருகின்றன. பக்கத்து வீட்டுக்காரரை வெட்ட வந்தவனைத் தடுப்பதும் சட்டப்படி தற்காப்புதான். ‘தன்’ அங்கே போதவில்லை என்பேன். ஆனால் தேவைக்கு மிஞ்சிய தாக்குதல் காப்பாகாது. காவல்துறையை நாட அவகாசம் இருக்கும்போதும் இந்த உரிமை இல்லை.

இறப்புக்கு எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஏற்படுத்திய காயமே காரணம் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் சுமை. பிரேதப் பரிசோதனை மருத்துவரின் சாட்சியம் அதற்கு முக்கியம். தற்காப்பைக் காட்டுவது எதிரியின் பொறுப்பு. அவருக்கு அவ்வளவு உறுதி வேண்டாம், நடந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும். அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாக்குமூலமே அதற்கு உதவலாம். சம்பவத்தின்போது எதிரிக்கு ஏற்பட்ட பலத்த காயங்களுக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால், அது அவ்வழக்கையே பலவீனப்படுத்தும் என்று 1976-இல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சிராய்ப்புகளுக்கு அந்த விளக்கம் கட்டாயமில்லை.