மணலில் கடலை: மழை கொட்டும் கிளந்தானில் எதற்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்?

கிளந்தான், திரெங்கானு பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கடற்கரையைத் தாண்டி உள்ளே நடந்தாலும் காலடியில் மணல்தான். பழைய கரைமேடுகளும் அவற்றுக்கிடையே பள்ளங்களுமாக அமைந்த இந்த நிலத்தை மலேசியாவில் 'பிரிஸ்' மண் என்கிறார்கள். இதில் 90 விழுக்காட்டுக்கு மேல் மணல். ஒரு காலத்தில் இங்கே புகையிலைதான் பெரிய பயிர். கெனாஃப், தர்பூசணியோடு நிலக்கடலை, எள் போன்ற எண்ணெய் வித்துகளும் இந்த மண்ணில் வளரும். (நம் நாட்டில் எண்ணெய் என்றாலே செம்பனைதான். கடலையை நாம் அவித்தும் வறுத்தும் தின்றே தீர்த்துவிடுகிறோம். அது வேற கதை.)

நிலக்கடலைக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்படும் தண்ணீர் 500 முதல் 700 மில்லிமீட்டர். கிளந்தானில் வடகிழக்குப் பருவமழை ஒரே மாதத்தில் இவ்வளவு பெய்வதும் உண்டு. அப்புறம் என்ன பிரச்சினை?

பெய்த மழையை மணல் பிடித்து வைப்பதில்லை என்பதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

1 மீட்டர் ஆழ மணலில் பயிருக்குப் பயன்படும் தண்ணீர் சுமார் 60 மில்லிமீட்டர்தான் நிற்கும். களிமண் என்றால் 200 வரை நிற்கும். கடலைச் செடி மேல் 40 சென்டிமீட்டரிலிருந்து தண்ணீர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் கையிருப்பு வெறும் 24 மில்லிமீட்டர். அதிலும் பாதி தீர்ந்ததுமே செடி தவிக்க ஆரம்பிக்கும். வெயில் நாளில் 4, 5 மில்லிமீட்டர் செலவாகும். ஆக, மூன்றாவது நாளே மறுபடியும் தண்ணீர் வேணும்.

'அதுக்குத்தான் ஒரேயடியா நிறைய விட்டுடலாமே?' என்று தோன்றும். 12 மில்லிமீட்டர் குறைந்திருக்கும் மண்ணுக்கு 40 கொடுத்தால் மிச்சம் 28 வேருக்குக் கீழே போய்விடும். 1 ஹெக்டரில் அது 2,80,000 லிட்டர்! தண்ணீர் மட்டுமா போகிறது? காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரமும் கூடவே கரைந்து போகிறது. அதனால் மணலில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பாய்ச்சுவதுதான் சரி.

எந்த முறை நல்லது?

வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுவது மணலுக்கு ஒத்துவராது. தண்ணீர் கடைசிச் செடியை எட்டுவதற்குள் முதல் செடிக்கு அடியில் ஆழமாக இறங்கிவிடும். மிஞ்சுவது தெளிப்பு நீரும் சொட்டு நீரும்.

இங்கே கடலையின் விசித்திரமான பழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ளணும். பூ பூப்பது மேலே, காய் காய்ப்பது மண்ணுக்குள். பூத்த பிறகு ஊசி போன்ற ஒரு காம்பு கீழே இறங்கி மண்ணைக் குத்தி உள்ளே போகிறது. காய்க்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து வேர் வழியாக அதிகம் வராது, சுற்றியுள்ள மண்ணிலிருந்து காயே நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். அந்த மேல்மண் காய்ந்து கிடந்தால் சத்து நகராது. ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. இதைத்தான் 'பொக்கு' என்பார்கள். விதைத்து ஒரு மாதத்தில் பூ பிடிப்பதிலிருந்து காய் முற்றும் வரை தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது.

மேல்மண்ணை ஒரே சீராக நனைப்பதில் தெளிப்பு நீர் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் காற்றடித்தால் வீணாகும், இலை நனைந்தே இருந்தால் இலைப்புள்ளி நோயும் வரும். அதனால் அதிகாலையில் தெளிப்பது நல்லது. சொட்டு நீரில் சிக்கனம் அதிகம். ஆனால், மணலில் சொட்டு பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே ஓடும். துளைகள் 20, 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு நாளுக்கான தண்ணீரையும் இரண்டு மூன்று தவணையாக விட வேண்டும்.

எள்ளுக்கு இவ்வளவு கவனிப்பு வேண்டாம், வறட்சியைத் தாங்கும். தேங்கிய தண்ணீரைத்தான் அது தாங்காது. எனவே பள்ளத்தில் விதைக்காமல் மேட்டில் விதைக்கணும்.

மட்கிய உரமோ, பழம் எடுத்த செம்பனைக் குலையோ மணலில் சேர்த்தால் ஈரம் கூடுதலாக நிற்கும். கடலோரக் கிணறு என்றால் இன்னொன்றையும் பார்க்கணும். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து கடல் நீர் ஏறி வரும். நிலக்கடலை உப்பை அதிகம் தாங்காத பயிர், கிணறு ஒருமுறை உப்பாகிவிட்டால் அது சீக்கிரத்தில் மாறவும் மாறாது.