பந்தி பரிமாறுவோர் – திருத்தொண்டர் வரலாற்றில் ஒரு பகுதி

கத்தோலிக்கத் திருச்சபையில் குருவாகப் போகும் இளைஞர், அதற்கு முன்னர்ப் பெறுவது திருத்தொண்டர் பட்டம். பலரும் இதனை ஒரு படிக்கட்டாகவே கருதுவர். சில திங்கள் அதில் நின்று, பின்னர்க் குருத்துவத்திற்கு ஏறிவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். அப்படியிலேயே ஏறத்தாழ ஆறாண்டுகள் நிற்க நேர்ந்த ஒருவரின் வரலாற்றை நம் சமுதாய இளைஞர்கள் அறிந்திடல் வேண்டுமென விழைகின்றோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். 'தியாக்கோனோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஏவலர், பந்தியில் உணவு பரிமாறுபவர் என்பன பொருள். பந்தியில் அமர்வோர் யார், பரிமாறுவோர் யார், எச்சில் இலை எடுப்போர் யார் என்னும் வினா எத்துணைக் கூரியது என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எருசலேமின் முதற் கிறித்தவரிடையேயும் இத்தகைய வினாவொன்று எழுந்தது. கிரேக்கமொழி பேசிய கைம்பெண்கள் அன்றாட உணவுப் பங்கீட்டில் புறக்கணிக்கப்பட்டனர் என்பது முறையீடு. சீடர் கூட்டத்தார் எழுவரைத் தேர்ந்து முன்னிறுத்த, திருத்தூதர்கள் அவர்கள்மேல் கைகளை வைத்து, அப்பணியை ஒப்படைத்தனர் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரம் கூறுகின்றது. அந்நூல் அவர்களைத் திருத்தொண்டர் என்று அழைக்கவில்லை. பின்வந்த மரபே அங்ஙனம் கொண்டது. ஆனால் ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. எழுவர் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே! குறையுற்ற தரப்பினர் கையிலேயே பங்கீடு ஒப்படைக்கப்பட்டது என அறிஞர் பலர் கருதுவதற்கு இதுவே காரணம். அவ்வெழுவருள் முதல்வரான ஸ்தேவான் கல்லெறியுண்டு இறந்தார். 258ஆம் ஆண்டில் உரோமைத் திருத்தொண்டர் லாரன்சும் கொல்லப்பட்டார்.

காலப்போக்கில் மேலைத் திருச்சபையில் இப்பணி தன் தனித்தன்மையை இழந்து, குருத்துவத்தின் முன்படியாகச் சுருங்கிற்று. இதனைப் புதுப்பிக்க வேண்டுமென 1563இல் திரெந்துச் சங்கம் விரும்பியது. விருப்பம் ஏட்டளவில் நின்றது.

இனி நாம் கூற வந்தவரிடம் வருவோம். கார்ல் லைஸ்னர் 1915இல் செருமனியில் பிறந்தவர். கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தில் முன்னின்றவர். அதனாலேயே நாத்சி அரசின் இரகசியக் காவலர் அவர் வீட்டைச் சோதனையிட்டு, நாட்குறிப்புகளைப் பறித்துச் சென்றனர். குருமாணவராக ஃபிரைபுர்க்கில் பயின்றபோது ஒரு பெண்ணின்பால் அன்பு கொண்டார். இல்லறமா, துறவா என அவர் உள்ளம் நெடுநாள் அலைந்தது. அழைத்தல் என்பது வானினின்று திடுமென விழும் குரல் என்று நினைப்போர் இதனைக் கருதிப் பார்த்தல் நலம். அன்றைய முறைப்படி, திருத்தொண்டருக்கு முந்திய பட்டத்தின்போதே மணத்துறவையும் அன்றாடக் கட்டளைச் செபத்தையும் வாழ்நாள் கடமையாக ஏற்க வேண்டும். அவற்றை ஏற்றார். 1939 மார்ச்சு 25ஆம் நாள் மூன்ஸ்டர் ஆயர் கேலன் அவருக்குத் திருத்தொண்டர் பட்டம் அளித்தார். முகங்குப்புறத் தரையில் விழுந்து கிடத்தலும், ஆயர் தலைமேல் கைவைத்தலும், நற்செய்தி நூலைக் கையில் பெறுதலும் அச்சடங்கின் பகுதிகள்.

ஓராண்டிற்குள் குருவாகியிருக்க வேண்டியவர். சில திங்களில் எலும்புருக்கி நோய் கண்டு மருத்துவ இல்லம் சேர்ந்தார். நவம்பர் 8ஆம் நாள் மியூனிக்கில் இட்லரைக் கொல்ல வைத்த குண்டு தவறிற்று. மறுநாள் அச்செய்தி கேட்ட லைஸ்னர் அது குறித்து வருந்திக் கூறிய சொல்லை உடனிருந்த நோயாளி ஒருவர் காட்டிக்கொடுக்க, அன்றே கைதானார். 1940 டிசம்பரில் டாக்காவ் முகாமிற்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே அடைக்கப்பட்ட சமயப் பணியாளர் 2,700க்கும் மேற்பட்டோர். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். திருத்தொண்டர் திருப்பலி நிறைவேற்ற இயலாது. லைஸ்னர் தம்மால் இயன்றதைச் செய்தார். நோயாளர் கொட்டகையில் தாமும் ஒரு நோயாளியாய்க் கிடந்து, இறக்கும் நிலையில் இருந்தோர்க்கு மறைவாக நற்கருணை வழங்கினார். கையிலிருந்ததைப் பகிர்ந்தளிக்கும் பழைய பந்திப்பணி அதுவேயன்றோ!

1944இல் பிரெஞ்சு ஆயர் காப்ரியேல் பிகே கைதியாக அங்கு வந்து சேர்ந்தார். யோசெஃபா மாக் என்னும் இளம்பெண், முகாமின் தோட்டத்தில் பொருள் வாங்கச் செல்பவராய், மியூனிக் பேராயருக்குக் கடிதத்தையும் அங்கிருந்து திருத்தைலத்தையும் கடத்திச் சென்றார். ஆயருக்குரிய செங்கோலையும் மோதிரத்தையும் கைதிகளே செய்தனர். டிசம்பர் 17ஆம் நாள் லைஸ்னர் குருவானார். 26ஆம் நாள், ஸ்தேவான் திருநாளன்று, தம் முதல் திருப்பலியை நிறைவேற்றினார். அதன்பின் நிறைவேற்ற உடலில் வலுவில்லை. முகாம் விடுவிக்கப்பட்ட சில திங்களில், 1945 ஆகஸ்டு 12ஆம் நாள் உயிர் நீத்தார். நாட்குறிப்பின் இறுதிப் பதிவில், தம் பகைவருக்கும் ஆசி வேண்டியிருந்தார். 1996இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

டாக்காவ் கதை அத்துடன் முடியவில்லை. அங்கிருந்த குருக்கள், இல்லறத்தாரையும் நிலையான திருத்தொண்டராக்கித் தொண்டுப் பணியைப் புதுப்பித்தல் கூடுமா என்று தம்முள் ஆய்ந்தனர். லைஸ்னரின் நண்பரான ஓட்டோ பீஸ் 1947இல் அதனை எழுதி வெளியிட்டார். வில்கெல்ம் ஷமோனி நூலே இயற்றினார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதற்கு வழிதிறந்தது. 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிகளை வகுத்தார்: மணமானவர் 35 வயது நிறைந்தவராயிருத்தல் வேண்டும், மனைவியின் இசைவும் வேண்டும். இவ்விரண்டாம் விதி நமக்கு மிகவும் உகந்தது. வீட்டாரைக் கேளாது ஊர்த்தொண்டிற்குப் புறப்படுவோர் நம்மிடையேயும் உளர்!

1968 ஏப்ரல் 28ஆம் நாள் கொலோன் நகரில் ஐவர் அவ்வாறு பட்டம் பெற்றனர். இன்று உலகெங்கும் நிலைத் திருத்தொண்டர் 50,000க்கும் மேற்பட்டோர். அவருள் மிகப் பெரும்பாலோர் அமெரிக்க நாடுகளிலும் ஐரோப்பாவிலுமே உள்ளனர். ஆசியாவில் அவர்தம் தொகை மிகக் குறைவு.