முதியோர் அறுவைச் சிகிச்சையில் கூட்டுப் பொறுப்பு

அறுவைச் சிகிச்சைக்கு வரும் முதியவரின் பொறுப்பை அறுவை மருத்துவர் ஒருவரே சுமக்காமல், மயக்க மருத்துவர், முதியோர் நல மருத்துவர் அல்லது பொது மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகியோரும் பகிர்ந்து ஏற்கும் முறை. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியில் இதற்குத் தனித் தேவை இருக்கிறது. கிராமத்தில் கீழே விழுந்த மூதாட்டி முதலில் அருப்புக்கோட்டைக்கும், அங்கிருந்து 2022-இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ போக நேரிடலாம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அவர் சாப்பிடும் மாத்திரை பற்றிய விவரம் விடுபட்டுப் போகும் ஆபத்து உண்டு.

இடுப்பு முறிவுதான் இதற்குச் சரியான உதாரணம். முறிந்த எலும்பைப் பொருத்துவது எலும்பு மருத்துவரின் வேலை. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள எண்பது வயதுக்காரருக்கு முதுகுத்தண்டில் மருந்து செலுத்துவதா, முழு மயக்கமா என்று முடிவெடுப்பவர் மயக்க மருத்துவர். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரையும் கேட்டே தீர்மானிக்க வேண்டும். அறுவை முடிந்த இரவில் பாட்டி ஆளடையாளம் தெரியாமல் பிதற்றினால் அதை 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடக் கூடாது. கிருமித்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, வலி என்று காரணம் தேட வேண்டும். அதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் செவிலியரோ கூட இருக்கும் மகளோதான். இங்கிலாந்தில் 36 மணி நேரத்துக்குள் அறுவையும், எலும்பு மருத்துவர், முதியோர் நல மருத்துவர் இருவரின் கூட்டுக் கவனிப்பும் இருந்தால் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை தரும் ஏற்பாடு 2010-இல் வந்தது.

கண்புரை அறுவையில் இந்தப் பகிர்வைத் தென் மாவட்டங்கள் நெடுங்காலமாக அறியும். கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கிராமத்து இளம்பெண்கள் பயிற்சி பெற்றுப் பார்வையையும் கண் அழுத்தத்தையும் அளக்கிறார்கள். அரங்கில் துணை நிற்கிறார்கள். அறுவை தேவையா என்று முடிவெடுப்பதும் அதைச் செய்வதும் மருத்துவர். யார் எதுவரை என்ற கோடு தெளிவாக இருப்பதே அதன் பலம்.

பகிர்வில் நோயாளிக்கும் பங்குண்டு. திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷிக்கு 1948-இல் இடக்கையில் புற்றுக்கட்டி வந்தது. நான்கு முறை அறுவை நடந்தது. கையை எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. மருத்துவர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் முதியோர் மருத்துவத்துக்கு வித்திட்டவர் வ. செ. நடராசன். சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கான எம்.டி. படிப்பு 1996-இல் வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. வட்டார மருத்துவமனைகளில் இத்துறை மருத்துவர் அரிது. அங்கே பொது மருத்துவரே அந்த இடத்தை நிரப்ப வேண்டும். பெரியவரை அறுவைக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தார், நாட்டு மருந்து உட்பட அவர் சாப்பிடும் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்; வீடு திரும்பிய பிறகு யாரிடம் கேட்பது என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.