இறந்தோர் இல்லாத விபத்து: கிம்லி நிகழ்ச்சியும் உழைப்புப் பிரிவினையும்

விமான விபத்துக்களின் வரலாறு பெரும்பாலும் இறந்தோரின் எண்ணிக்கையைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. எவரும் இறவாத விபத்து வரலாற்றிலிருந்து நழுவி, சுவையான கதையாக மாறிவிடுகின்றது. ஆயினும் ஆய்வாளனுக்கு இத்தகைய விபத்துக்களே பெருமளவு சான்றுகளை விட்டுச் செல்கின்றன. விமானம் எஞ்சுகின்றது; விமானிகள் உயிருடன் நின்று வாக்குமூலம் அளிக்கின்றனர்; எரிபொருள் நிரப்பியவரும் பழுது பார்த்தவரும் தத்தம் கூற்றை எடுத்துரைக்க முடிகின்றது. இறந்துபோன விமானி மீது பழியைச் சுமத்திக் கோப்பை மூடிவிடும் வசதி எவருக்கும் கிடைப்பதில்லை. 1983 யூலை 23ஆந் திகதி கனடாவின் தேசிய விமான நிறுவனமாகிய எயர் கனடாவின் 143ஆம் இலக்கப் பறப்புக்கு நேர்ந்ததை இந்நோக்கிலேயே இங்கு ஆராய முற்படுகின்றேன்.

எயர் கனடா அரசின் குழந்தை. 1937இல் பாராளுமன்றச் சட்டமொன்றின் மூலம், அரச புகையிரத நிறுவனத்தின் கிளையாக, ட்ரான்ஸ் கனடா எயர் லைன்ஸ் என்னும் பெயரில் அது தோற்றுவிக்கப்பட்டது. 1965இல் எயர் கனடா எனப் பெயர் பெற்றது. எண்பதுகளின் இறுதியிலேயே தனியார் பங்குடைமைக்கு மாற்றப்பட்டது. ஆகவே நாம் பேசும் காலத்தில் அது முழுமையாக அரசுடைமை நிறுவனமாகும். அரசுடைமை என்பதனாலேயே அதன் உள்ளமைப்பு, குறிப்பாக உழைப்பை ஒழுங்கு செய்யும் முறை, மூலதனத்தின் தர்க்கத்திலிருந்து விடுபட்டிருந்தது எனக் கொள்வது பேதைமை. நம்மிற் சிலர் இன்னும் அவ்வாறு கொள்வதுண்டு.

இந்நிறுவனம் அக்காலத்தில் புதிதாக வாங்கிய போயிங் 767 விமானம் இரு மாற்றங்களை ஒருங்கே கொண்டுவந்தது. ஒன்று, அளவை பற்றியது. எழுபதுகளின் தொடக்கம் முதல் கனடா மெற்றிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. எயர் கனடாவின் ஏனைய விமானங்களில் எரிபொருள் இறாத்தலிற் கணிக்கப்பட, 767இல் மட்டும் கிலோகிராமிற் கணிக்கப்பட்டது. மற்றது, ஆட்குறைப்புப் பற்றியது. முந்திய பெரிய விமானங்களில் இரு விமானிகளுக்குப் பின்னால் பறப்புப் பொறியியலாளர் என்னும் மூன்றாமவர் அமர்ந்திருந்தார். இயந்திரங்களையும் எரிபொருளையும் கண்காணித்தல் அவர் தொழில். 767இல் கணினி அவரை விலக்கியது. தொடக்கத்தில் கட்டப்பட்ட 767கள் மூவருக்கென அமைந்தவை என்பதையும், 1981இல் அமெரிக்க சனாதிபதி நியமித்த குழு இருவரே போதுமெனக் கூறிய பின்னரே அவை மாற்றியமைக்கப்பட்டன என்பதையும் நோக்குமிடத்து, இது தொழில்நுட்பத்தின் தவிர்க்கவியலாத விளைவன்று, விமான நிறுவனங்களின் செலவுக் கணக்கோடு பிணைந்த முடிவு என்பது தெளிவாகும். இயந்திரம் வேறு, இயந்திரத்தின் முதலாளித்துவப் பயன்பாடு வேறு என ‘மூலதனம்’ முதலாந் தொகுதியில் மார்க்ஸ் வகுத்த வேறுபாடு இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. மூன்றாமவரின் ஆசனம் நீங்கிற்று. அவர் செய்த வேலை நீங்கவில்லை. அது யாருக்குரியது என்பதை நிறுவனம் எங்கும் திட்டவட்டமாக வரையறுக்கவில்லை.

குறித்த விமானத்தின் எரிபொருளளவைக் காட்டும் கருவியில், பற்றாசு சரியாகப் பிடிக்காத ஓர் இணைப்பினாற் கோளாறு இருந்தது. இரு வழிகளுள் ஒன்று பழுதுற்றால் மற்றது செயற்பட வேண்டும். வடிவமைப்புக் குறைபாட்டினால் அவ்வாறு நிகழவில்லை. எட்மன்ரனிலிருந்த தொழில்நுட்பவியலாளர் ஒருவர், பழுதுற்ற வழியின் மின்துண்டிப்பானை இழுத்துவிட்டாற் கருவி இயங்குவதைக் கண்டுபிடித்தார். மாற்றுறுப்புக் கையிருப்பில் இல்லை. எனவே அவர் துண்டிப்பானை இழுத்து, அடையாளத்துண்டு ஒட்டி, பதிவேட்டிலும் எழுதிவைத்தார். மறுநாள் மொன்றியலில் இன்னொரு தொழில்நுட்பவியலாளர் சோதனைக்காக அதனை உள்ளே தள்ளினார். கவனம் வேறொன்றிற் செல்ல, மீண்டும் இழுக்க மறந்தார். கருவி முற்றாக வெறுமையாயிற்று. விமானத்தைக் கையேற்ற தலைமை விமானி றொபேட் பியர்சன், முன்னைய விமானியுடன் உரையாடியதிலிருந்து, அது வெறுமையான கருவியுடனேயே வந்து சேர்ந்தது எனப் பிழையாக விளங்கிக்கொண்டார். கருவியின்றிப் பறத்தலை விதிநூல் தடுத்திருந்தது. ஆனால் புதிய விமானத்துக்கான அந்நூலோ அடிக்கடி திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. பராமரிப்புப் பகுதியின் அனுமதியே இறுதியானது என்ற வழக்கம் அதனினும் வலிமை பெற்றிருந்தது.

ஆகவே தாங்கிகளை அளவுகோலால் அளந்து, கையாற் கணக்கிட்டனர். தாங்கிகளில் 7,682 லீற்றர் இருந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். ஒரு லீற்றர் விமான எரிபொருளின் நிறை ஏறத்தாழ 0.8 கிலோகிராம், இறாத்தலில் 1.77. எரிபொருள் நிரப்புவோரின் தாளில் 1.77 என்றே வழக்கம்போற் குறிக்கப்பட்டிருந்தது. அதனைப் பெருக்கியபோது 13,597 என்னும் எண் கிடைத்தது. அது இறாத்தல், அவர்கள் கிலோகிராம் எனக் கொண்டனர். 20,000 லீற்றருக்கு மேல் ஏற்ற வேண்டிய இடத்தில் 4,900 லீற்றரளவே ஏற்றப்பட்டது. ஒட்டாவாவில் மீண்டும் அளந்தபோதும் அதே 1.77தான். கணக்கில் ஈடுபட்டோருள் எவரும் சோம்பேறியல்லர். அளந்தனர், பெருக்கினர், சரிபார்த்தனர். பெருக்கலிற் பிழையில்லை, அலகிலேயே பிழை.

41,000 அடி உயரத்தில், பயணத்தின் நடுவழியில், இரு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பின் நிகழ்ந்தது உலகறிந்தது. பியர்சன் இயந்திரமற்ற மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். உதவி விமானி மொறிஸ் கின்ரல் முன்னர் வான்படையிற் பணியாற்றிய கிம்லித் தளத்தை நினைவுகூர்ந்தார். கைவிடப்பட்ட அவ்வோடுபாதையிலே கார்ப்பந்தயக் கழகத்தினர் குடும்பங்களுடன் கூடியிருந்தமை அவருக்குத் தெரியாது. விமானத்தைப் பக்கவாட்டிற் சறுக்கி உயரத்தைக் குறைத்து இறக்கினர். மூக்குச்சக்கரம் பூட்டிக்கொள்ளாமையால் முன்பகுதி தரையில் உராய்ந்து நின்றது. உள்ளிருந்த 69 பேரும் பிழைத்தனர். தரையில் நின்ற எவருக்கும் தீங்கில்லை.

நிறுவனத்தின் எதிர்வினை யாது? பியர்சன் ஆறு மாதங்களுக்குப் பதவி தாழ்த்தப்பட்டார். கின்ரல் இரு வாரங்கள் இடைநிறுத்தப்பட்டார். பராமரிப்புத் தொழிலாளர் மூவரும் இடைநிறுத்தப்பட்டனர். உழைத்தோர் ஐவர் தண்டிக்கப்பட்டனர். வேலையைப் பங்கிட்டோர் தண்டிக்கப்படவில்லை. ஆனால் நீதிபதி ஜோர்ஜ் லொக்வூட்டின் தலைமையிலான விசாரணைச் சபை 1985இல் வெளியிட்ட அறிக்கை வேறுவிதமாகப் பேசிற்று. அசாதாரண நிலையில் எரிபொருளைக் கணிக்கும் பொறுப்பை நிறுவனம் எவருக்கும் தெளிவாக ஒப்படைக்கவில்லை. மாற்றுறுப்புக்கள் போதிய அளவு வைத்திருக்கப்படவில்லை. மெற்றிக் முறையில் வேண்டிய பயிற்சி அளிக்கப்படவில்லை என அது கண்டது. விமானிகளின் திறமையை அது பாராட்டியது. நீதிபதி ஒருவர் மார்க்சியராக இருக்க வேண்டியதில்லை. சான்றுகளை முறையாகத் தொடர்ந்து சென்றால் அவை கொண்டு நிறுத்தும் இடம் இதுவே. 

இந்நிகழ்ச்சி மக்களிடையே பெற்ற வடிவம் இலக்கிய மாணவனின் கவனத்துக்குரியது. ‘கிம்லி மிதவை’ எனப் பெயர் பெற்று, நூலாகி, 1995இல் தொலைக்காட்சித் திரைப்படமுமாயிற்று. இதன் கட்டமைப்பு பழைய வீரகதையினது: வானம், இடர், தனிமனிதனின் ஆற்றல், மீட்சி. பியர்சனின் ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் வீரகதை வானிலே தொடங்குவதால் எட்மன்ரனின் பணிக்கூடமும், கையிருப்பில் இல்லாத உறுப்பும், காலியான மூன்றாம் ஆசனமும் அதில் இடம்பெறவியலா. இன்னொரு பகுதியினர் மெற்றிக் முறையையே குற்றவாளியாக்கினர். அம்முறைக்கு எதிரான கூக்குரல் கனடாவில் முன்னரே எழுந்திருந்தது. 1985இல் மெற்றிக் ஆணைக்குழு கலைக்கப்பட்டது. ஓர் அளவை முறையையும் அதனைக் கற்பிக்காதோரின் குற்றத்தையும் ஒன்றாகக் குழப்புதல் பழைமைவாதத்துக்கு எப்போதும் உகந்தது.

அரசுடைமை நீங்கினால் இந்நிலை மாறுமா? பிரித்தானிய தேசிய நிறுவனமாகிய பிரிட்டிஷ் எயர்வேஸ் 1987இல் தனியார் மயமாக்கப்பட்டது. 1990 யூன் 10ஆந் திகதி பர்மிங்ஹாமிலிருந்து மலாகா நோக்கிச் சென்ற அதன் விமானத்தின் முன்கண்ணாடி 17,300 அடி உயரத்திற் பெயர்ந்து பறக்க, தலைமை விமானி பாதியுடல் வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர் அவரைப் பற்றிப் பிடித்திருக்க, உதவி விமானி சவுத்ஹாம்ப்டனில் இறக்கினார். அங்கும் எவரும் இறக்கவில்லை. கண்ணாடி முந்திய நாள் அதிகாலையிலேதான் பொருத்தப்பட்டது. ஆட்பற்றாக்குறையால் இரவுப்பணி மேலாளர் தாமே அவ்வேலையைச் செய்தார். 90 புரியாணிகளுள் 84 உரிய விட்டத்திலும் 0.026 அங்குலம் சிறியவை. அவ்வேலையை இன்னொருவர் பரிசோதிக்க வேண்டுமென விதி கோரவில்லை. கழற்றிய பழைய ஆணியைக் கையில் வைத்து, அதனோடு ஒப்பிட்டே அவர் புதியவற்றைத் தேர்ந்தார். அப்பழைய ஆணிகளும் உரிய அளவினவல்ல என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. யாரோ முன்னர் பொருத்தியிருக்கிறார், அவை கழன்றுவிடாமல் நின்றிருக்கின்றன.