போடி மெட்டு இறக்கமும் பழைய பிக்கப்பின் பிரேக்கும்

எங்கள் ஊரில் வண்டிகளின் பழங்கதையை யாரிடம் கேட்டாலும் இன்ஜினில்தான் ஆரம்பிப்பார்கள். பெட்ரோல் போய் டீசல் வந்தது, மூணு கியர் போய் நாலு கியர் வந்தது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நான் மாமாவின் பிரேக் லைனிங் பட்டறையில் வளர்ந்தவன். எனக்கு அந்தக் கதை பின்சக்கரத்துப் பக்கமிருந்துதான் தெரியும். அங்கே உட்கார்ந்து பார்த்தவனுக்கு வேறொரு வரிசை தெரியும். முதலில் பாரம் கூடும். பாரம் இழுக்கவில்லை என்று இன்ஜினை மாற்றுவார்கள். வண்டி படுக்கிறது என்று ஸ்பிரிங் பட்டை கூட்டுவார்கள். பிரேக்கைப் பற்றிய யோசனை எல்லாம் முடிந்த பிறகு வரும், அதுவும் யாருடைய வண்டியாவது பள்ளத்துக்குள் போனால்தான்.

போடிநாயக்கனூருக்கும் போடி மெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,000 மீட்டர். நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத் தோட்டங்கள் மேலே, ஏலக்காய்ச் சந்தை கீழே. ஆகவே சரக்கு இறங்கியே தீர வேண்டும். ஜீப் வருவதற்கு முன்னால் இறக்கும் வேலையை வேறு விதமாகச் செய்தார்கள். மூணாறு தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பியில் தொங்கி ரோப்வேயில் இறங்கியது. அந்த டாப் ஸ்டேஷன்வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ரயில்கூட ஓடியது. 1924 வெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அடிவாரத்தில் ரயில், மலைக்கு மேலே தோட்டம். நடுவிலிருந்த இறக்கத்தைப் பின்னாளில் ஜீப் பிடித்துக்கொண்டது.

அந்த ஜீப் அமெரிக்க வில்லிஸின் வாரிசு. 1940-களின் கடைசியிலிருந்து மஹிந்திரா அதைப் பம்பாயில் பூட்டி விற்றது. எங்கள் பட்டறைக்கு அதிகம் வந்தது சிஜே-3பி மாடல். பின்பக்க பாடியை வெட்டி, தேக்குப் பலகை அடித்து, பிக்கப் ஆக்கி வைத்திருப்பார்கள். வெறும் வண்டி ஏறக்குறைய ஒரு டன். நாலு சக்கரத்திலும் 9 அங்குல டிரம் பிரேக். அமெரிக்காவில் அந்த வண்டிக்கு அது போதும் என்று நினைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். மேலே போகும்போது உர மூட்டை, கீழே வரும்போது ஏலக்காய்ச் சாக்கு, சாக்கின் மேல் ஆள், ஆளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

அந்த டிரம் எவ்வளவு சூட்டைத் தாங்க வேண்டும் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 2 டன் வண்டி 1,000 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் சூடு, 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதும். கியரில் இறக்கினால் அதில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் காற்றுக்கும் ரோட்டுக்கும் போனது போக மிச்சமெல்லாம் நாலு டிரம்முக்குள். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போகும். லைனிங்கில் இருக்கும் பிசின் காந்தி, பிடிப்பு குறையும். புகை வரும். அந்த நாற்றம் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். வண்டி வருவதற்கு முன்னாலேயே மாமா ரிவெட் டப்பாவைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

லைனிங் என்ற பொருளே இறக்கத்தில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் டெர்பிஷயர் பக்கத்து வண்டிக்காரர்கள் மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை வைத்து அடித்திருந்ததை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பார்த்தார் என்று சொல்வார்கள். 1897-ல் அவர் ஆரம்பித்த தொழில்தான் பிறகு ஃபெரோடோ ஆனது. அதன்பின் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. நம் பக்கம் 1960-களில் வெளிநாட்டுச் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தபோது, 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் 1964-ல் ரானே பிரேக் லைனிங்கும் தொடங்கின. மதுரை டிவிஎஸ் குடும்பமும் இங்கிலாந்து லூகாஸ் கெர்லிங்கும் சேர்ந்தது முதல் கம்பெனி. மதுரை பக்கத்தில் இருந்ததால் எங்களுக்குச் சாமான் சுலபமாக வந்தது.

லைனிங் அடிக்கிறது பார்க்க எளிது. பழைய ரிவெட்டைத் துளை போட்டு எடுத்து, ஷூவைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, புது லைனிங்கை வைத்து, நடு ரிவெட்டை முதலில் அடிக்க வேண்டும். அங்கிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் லைனிங் தூக்கி நிற்கும். முடி நுழைகிற இடைவெளி இருந்தாலும் மலையில் அது வெடித்துவிடும். அடித்த பிறகு மாமா நகத்தால் சுண்டிப் பார்ப்பார். ‘டொக்’ என்றால் பிரித்து அடி, ‘டக்’ என்றால் மாட்டு. ரிவெட் தலை லைனிங்குக்குள் நன்றாக அமுங்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்ததும் பித்தளை டிரம்மைக் கோடு போட்டுவிடும். பிறகு டிரம்முக்கு லேத்தில் கடைசல் கொடுக்க வேண்டும். கடைசல் கொடுக்கக் கொடுக்க டிரம் மெலியும். மெலிந்த டிரம் இன்னும் சீக்கிரம் சூடாகும். அதைச் சொன்னால் ஓனருக்குக் கோபம் வரும்.

தேய்ந்த லைனிங் தூளை நாங்கள் ஏர் பிடித்து ஊதினோம். ஏர் இல்லாத நாளில் வாயால் ஊதினோம். ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலை என்ன செய்யும் என்று பட்டறைத் தெருவில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எண்ணெய்க் கதை தனி. ஹைட்ராலிக் பிரேக்குக்கு முதலில் ஊற்றியது நம் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவை. பிறகு வந்த பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பின் 140 டிகிரியே போதும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவியை மிதித்தால் பெடல் தரையைத் தொடும். ஆயில் குறைந்தால் சில டிரைவர்கள் இன்ஜின் ஆயிலை ஊற்றிச் சமாளிப்பார்கள். ரப்பர் கப் ஊதிப்போய், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு வீல் சிலிண்டர் வரைக்கும் கிட் மாற்ற வேண்டிவரும். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி. ஒரு கப் கிழிந்தால் நாலும் போச்சு. அமெரிக்காவில் 1967 மாடல் கார்களிலேயே முன்னுக்கும் பின்னுக்கும் வழியைப் பிரித்துவிட்டார்கள். எங்கள் மலையில் அதற்கப்புறமும் வெகுகாலம் ஒரே கப்பை நம்பித்தான் ஆட்கள் ஏறி இறங்கினார்கள்.

அடுத்தது டீசல். பெட்ரோல் செலவு தாங்காமல் இன்ஜினை இறக்கி டீசலை ஏற்றினார்கள். கனமான இன்ஜின், அதே 9 அங்குல டிரம். பெடல் கனக்கிறது என்று பூஸ்டர் வாங்கி மாட்டுவார்கள். பூஸ்டருக்கு வேக்கம் வேண்டும். பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் குழாயில் அது தானாகக் கிடைக்கும். டீசலில் கிடைக்காது, ஆல்டர்னேட்டர் பின்னால் தனியாகப் பம்ப் இருக்க வேண்டும். பழைய டைனமோவையே வைத்துக்கொண்டு பூஸ்டர் மட்டும் மாட்டியவர்கள் வந்து நிற்பார்கள்: “அண்ணே, பூஸ்டர் போட்டும் பெடல் கல்லு மாதிரி இருக்கு.” மாமா பானெட்டைத் திறந்து, எங்கும் மாட்டாமல் தொங்கும் ரப்பர் குழாயைக் கையில் எடுத்துக் காட்டுவார்.

பம்ப் இருந்த வண்டியிலும் இன்னொரு சங்கதி. இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டிவிட்டால் டீசல் மிச்சம். ஆனால் பூஸ்டரில் தேங்கிய வேக்கம் சில மிதிக்குத்தான் வரும். மிச்சம் பிடித்த டீசலை ஒரு டீயாகவும் வடையாகவும் மாற்றிவிடலாம் என்பது டிரைவர்களின் நியாயம். சம்பளம் குறைவாகக் கொடுத்த ஓனர்களை விட்டுவிட்டு டிரைவரை மட்டும் திட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

இப்போது பழைய ஜீப் பிக்கப்பைத் தேடி வாங்கி, பெயிண்ட் அடித்துக் கொண்டாடும் பிள்ளைகள் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறார்கள். “பொலேரோ டிஸ்க் போட்டுக் கொடுங்கண்ணே” என்பதுதான் முதல் பேச்சு. போடலாம். டிஸ்க் திறந்தவெளியில் இருப்பதால் சூடு சீக்கிரம் தணியும். ஆனால் காலிப்பர் பிஸ்டன் பெரிது, ஆயில் அதிகம் கேட்கும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு தள்ளாது. டிரம்முக்கென்று செய்த மாஸ்டரில் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வும் உண்டு. அது டிஸ்க் பக்கம் போனால் பேட் உரசிக்கொண்டே சூடாகும். ஆகவே டிஸ்க் என்றால் இரட்டை மாஸ்டர், பூஸ்டர், வேக்கம் பம்ப் எல்லாம் சேர்த்துத்தான் என்று சொல்லிவிடுவேன்.

ஹேண்ட் பிரேக்கையும் பார்க்கச் சொல்வேன். அந்த ஜீப்பில் அது சக்கரத்தைப் பிடிக்காது, டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். ஆக்சில் உடைந்தால் அது இருந்தும் பயனில்லை. டிரான்ஸ்பர் கேஸ் ஆயில் சீல் கசிந்தால் ஆயில் நேராக அந்த லைனிங்கில்தான் சொட்டும். சீல் விலை சொற்பம்; மாற்றுவதற்கு ஷாஃப்டை இறக்கி டிரம்மைக் கழற்ற வேண்டும். கூலியைச் சொன்னதும், “அதை அடுத்த தடவை பாத்துக்கலாம்ணே” என்று சொல்லி, டயருக்கு வைக்கும் மரக்கட்டையைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டுக் கிளம்புகிறார்கள்.